ஓசூரை யார் எண்ணுவது?

காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே வந்து நின்று பாருங்கள். வெள்ளை, நீலம், மஞ்சள் என்று கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டு இளைஞர்களும் பெண்களும் ஏறிப்போவார்கள். சற்றுத் தள்ளி, கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் மேஸ்திரிக்காகக் காத்திருக்கும். அதற்கும் முன்பே, நாலரை மணியிலிருந்தே, தெருவைக் கூட்டிக்கொண்டு ஒரு கூட்டம் போயிருக்கும். மூன்று கூட்டத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். அவர்களில் யார் எந்த வேலைக்குப் போகிறார்கள், ஏன் அந்த வேலைக்கே போகிறார்கள் என்பதை மட்டும் எந்த அரசு அறிக்கையிலும் பார்க்க முடியாது.

தோழர்களே, இந்தப் பதிவு அதைப் பற்றியது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும், ஐடிஐ முடித்துவிட்டு அப்ரண்டிஸ் வாய்ப்புக்குக் காத்திருப்பவர்களும், சமூகவியல் படிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். எண்கள் நிறைய வரும். எண் என்றால் சலிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம்மை ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பதும் அந்தச் சலிப்பைத்தான்.

அரசு சொல்லும் ஓசூர்

முதலில் அரசு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 84 ஆயிரம். 2011இல் 1,16,821. பத்தே ஆண்டில் ஏறத்தாழ 38 விழுக்காடு வளர்ச்சி. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதும் வளர்ந்தது சுமார் 16 விழுக்காடுதான். பிறகு ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர், மத்திகிரி ஆகியவை நகரோடு இணைந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இணைந்த பகுதிகளையும் சேர்த்து, அதே 2011 கணக்கின்படி, சுமார் 2.45 லட்சம் பேர். இன்று எவ்வளவு? 2011க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. வேகமாக வளரும் ஒரு தொழில் நகரம், பதினைந்து வருடத்துக்கு முந்தைய எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீருக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திட்டம் போடுகிறது.

மாவட்டத்துக்கு வருவோம். சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரி பிரிந்தது. தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011இல் மாவட்ட மக்கள்தொகை 18,79,809. இவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கிராமங்களில் வாழ்கிறவர்கள். பட்டியல் சாதியினர் சுமார் 14 விழுக்காடு. மாநில சராசரி 20. எழுத்தறிவு சுமார் 71 விழுக்காடு. மாநில சராசரி 80. இந்தியாவுக்கே வாட்சும் லாரியும் பைக்கும் செய்துகொடுக்கும் மாவட்டத்தில், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களின் விகிதம் மாநில சராசரியைவிட ஒன்பது விழுக்காடு குறைவு. தொழிற்சாலை வந்தால் எல்லாம் தானாக வரும் என்பவர்கள் இந்த ஒரு எண்ணுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

சராசரி என்பது வசதியான சொல். ஒரு ஆலை அதிபரும் அவர் ஆலையில் கழிவறை கழுவும் அக்காவும் ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தால், இருவரின் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, இந்த மாவட்டத்தில் தனிநபர் வருமானம் உயர்ந்துவிட்டது என்று எழுதலாம். அக்காவுக்கு அந்த உயர்வு ஒரு நாளும் தெரியவராது.

நகரம் எப்படி வந்தது

ஓசூர் தானாக வளர்ந்த ஊர் அல்ல. 1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. வானம் பார்த்த பூமி, மிதமான தட்பவெப்பம், பெங்களூருக்கு 40 கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலை. எழுபதுகளில் ஓசூர் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட், எண்பதுகளின் பின்பாதியில் டைட்டன் கடிகாரம். அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். இப்போது அடுத்த அலை: ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர்கள், ஓசூரை அடுத்து டாடா எலெக்ட்ரானிக்ஸின் செல்போன் பாக ஆலை. 2024 ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இவை எல்லாவற்றுக்கும் நிலம் வேண்டும். நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் சாதி முதலில் தலைகாட்டுகிறது.

2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை நம் மாணவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரரை மட்டும் அது 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று சொல்லவில்லை. அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாக வாழ்ந்துவரும் விவசாயக் கூலியையும் குத்தகைதாரரையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவருகிறது. நிலமில்லாத சேரி மக்களை நிலச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்ட அபூர்வமான இடம் அது. ஆனால் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் வழியில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை என்றால் என்ன பொருள்? எந்தச் சேரியிலிருந்து எத்தனை பேர் இந்த வயலில் களை எடுத்தார்கள், எத்தனை பேர் இந்த மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்த்தார்கள் என்று யாரும் போய்க் கேட்கத் தேவையில்லை என்று பொருள். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பட்டா உள்ளவருக்கு இழப்பீடு எவ்வளவு என்றுதான் எல்லாரும் பேசினார்கள். பட்டாவே இல்லாதவரைப் பற்றி ஆதரித்தவர்களும் பேசவில்லை, எதிர்த்தவர்களும் பேசவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892 அரசாணைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இந்தத் தொழிற்பேட்டைகளுக்குள் எங்காவது இருக்கிறதா என்று பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கடமை வருவாய்த் துறைக்கு உண்டு. ஒவ்வொரு கையகப்படுத்தலின்போதும் அந்தக் கேள்வியை நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்டுக்குள்ளே

சரி, நிலம் போனது. வேலை வந்ததே என்பார்கள். வந்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் பெரியவர்கள் சிலர் இந்தப் பதிவைப் படித்தால் கோபப்படுவார்கள். "பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நின்னவங்கப்பா நாங்க. இந்த ஓசூர்தான் எங்களுக்குச் சட்டை மாட்டிவிட்டது. அதைப்போய்க் குறை சொல்றீங்களே" என்று ஒரு பெரியவர் எங்களிடம் நேராகவே கேட்டார். அவர் சொன்னது உண்மை. மாதச் சம்பளம் என்பது ஆண்டையின் கையிலிருந்து விடுதலை. கிராமத்தை நம்பாதீர்கள், அது உங்களை ஒடுக்கும் கூடாரம் என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதன் பொருளை அந்தப் பெரியவர் தன் உடம்பால் அறிந்தவர்.

ஆனால் அதே அம்பேத்கர் பம்பாய் நூற்பாலைகளையும் பார்த்தவர். அங்கே கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், அவர்கள் எச்சில் பட்ட நாடாவை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்பது காரணம். நவீன எந்திரம், நவீன நகரம், மின்சார விளக்கு எல்லாம் இருந்தன. நடுவில் சாதியும் உட்கார்ந்திருந்தது. 1938இல் மன்மாட்டில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசும்போது, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் நமக்கு இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அந்த அனுபவத்திலிருந்துதான். நகரத்துக்கு வா என்றவர், வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள் என்று சொல்லவில்லை.

இன்றைய ஆலையில் எச்சில் நாடா இல்லை. அதற்குப் பதில் அடையாள அட்டையின் நிறம் இருக்கிறது. பர்மனென்ட் ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஒரு நிறம், ட்ரெய்னி ஒரு நிறம், ஹவுஸ்கீப்பிங் இன்னொரு நிறம். ஒரே லைனில் அருகருகே நின்று ஒரே போல்ட்டை முறுக்குகிற இருவரில் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவர் சம்பளத்தில் பாதிகூட இல்லை. அப்ரண்டிஸ் என்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் 'தொழிலாளி'யே அல்ல, பயிற்சி பெறுபவர். வருடம் முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எங்களோடு பேசிய தம்பி ஒருவன் மூன்று கம்பெனிகளில் மூன்று முறை ட்ரெய்னியாக இருந்தவன். "அண்ணா, எனக்கு இருபத்தாறு வயசு. இன்னும் வேலை கத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று சிரித்தான். கான்ட்ராக்டர் ஆள் எடுக்கும்போது ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்டாராம். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவனுக்கும் தெரியும்.

பர்மனென்டில் எத்தனை தலித்துகள், ஹவுஸ்கீப்பிங்கில் எத்தனை தலித்துகள்? மேனேஜர் அறையில் எத்தனை, கேன்டீன் பாத்திரம் கழுவும் இடத்தில் எத்தனை? எங்களால் எண் தர முடியாது. எந்த ஆலையும் இதை வெளியிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. எனவே கணக்கும் தேவையில்லை என்கிறார்கள். நாங்கள் தலைகீழாகச் சொல்கிறோம்: கணக்கு இல்லாததால்தான் இட ஒதுக்கீடு கேட்கும்போது 'ஆதாரம் எங்கே' என்று வாயை அடைக்க முடிகிறது.

இது உலகத்தில் நடக்கவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில், நூறு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம் எந்தப் பதவியில் எந்த இனத்தவர், எந்தப் பாலினத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தரும் ஏற்பாடு 1960களிலிருந்து இருக்கிறது. கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டமும் 1964 சட்டமும் பெற்றுத்தந்தது அது.

அங்கே மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு ஊர் உண்டு. ஓசூரைப் போலவே மோட்டார் வாகனத்தால் பிழைத்த நடுத்தர நகரம். 1908இல் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கேதான் பிறந்தது. ஒருகாலத்தில் அந்தக் கம்பெனியில் மட்டும் சுமார் 80 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். பிறகு ஆலைகள் மூடப்பட்டன. 1960இல் இரண்டு லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020இல் சுமார் 81 ஆயிரமாகச் சுருங்கியது. மிஞ்சியவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். 2014இல் செலவைக் குறைக்கிறோம் என்று குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாயில் ஈயம் கரைந்து வந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். மோனா ஹன்னா-அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை எண்களைப் பகுதிவாரியாக எடுத்து 2015இல் பொதுவில் வைத்தபோதுதான் அந்தப் பொய் உடைந்தது. 2017இல் மிச்சிகனின் குடியுரிமை ஆணையமே, இந்த அநீதிக்குப் பின்னால் அமைப்புரீதியான இனவெறி இருக்கிறது என்று எழுதியது.

எந்தத் தெருவில் எந்த இனத்தவர், வருமானம் எவ்வளவு, சொந்த வீடு உண்டா என்ற விவரம் எல்லாம் அங்கே ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதனால் அநீதி நின்றுவிடவில்லை. ஆனால் அநீதியை நிரூபிக்க முடிந்தது. நாளை ஓசூரில் நிலத்தடி நீர் கெட்டால், எந்தக் காலனியின் குழந்தைகள் முதலில் நோயில் விழுந்தார்கள் என்று நிரூபிக்க நம் கையில் என்ன இருக்கிறது?

ஜூஜூவாடியைத் தாண்டினால்

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. சேரியிலும் அப்படித்தான். ஆதிதிராவிடர், அருந்ததியர், மாதிகா, ஹொலேயா, ஆதி கர்நாடகா, ஆதி ஆந்திரா என்று பல பெயர்களில் ஒரே ஒடுக்குமுறை. இவர்களில் அருந்ததியர், மாதிகா, ஆதி ஆந்திரா உள்ளிட்ட ஏழு பிரிவினருக்கு 2009இல் தமிழ்நாடு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது. தெலுங்கோ கன்னடமோ பேசும் நம் மக்கள் பலருக்குத் தங்களுக்குரிய சான்றிதழை எந்தப் பெயரில் வாங்குவது என்பதே குழப்பம். அந்தக் குழப்பத்தை வைத்துத் தாலுகா அலுவலகங்களில் எத்தனை பிள்ளைகளை எத்தனை முறை அலைய விடுகிறார்கள் என்பது உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம்.

ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கர்நாடகம். வேலைக்குத் தினமும் போய் வருகிறோம். ஆனால் அங்கே குடியேறினால், பட்டியல் சாதி என்ற தகுதி கூடவே வருவதில்லை. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலிருந்தே சொல்லிவருகிறது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அதே சாதிப் பெயர் இரு பட்டியலிலும் இருந்தாலும் இதே கதிதான்.

இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஓசூருக்கு வந்திருக்கும் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிலும் தலித்துகளும் ஆதிவாசிகளும் உண்டு. தமிழ்நாட்டின் பட்டியலில் அவர்களுடைய சாதிப் பெயர் இல்லையென்றால், இங்கே எடுக்கும் கணக்கெடுப்பில் அவர்கள் பட்டியல் சாதி என்றே பதியப்படமாட்டார்கள். சட்டம் எல்லையில் நின்றுவிடுகிறது. சாதி மட்டும் ரயிலேறி வந்துவிடுகிறது. 'வடக்கன்' என்று அவர்களைக் கேலி செய்யும் நம் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறோம்: பெங்களூரில் நம்மையும் இப்படித்தான் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

எல்லை என்பது சாவுக்கும் உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு தீப்பிடித்து 14 பேர் அன்றே இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தீபாவளிச் செலவுக்கு நாலு காசு சம்பாதிக்க வந்தவர்கள். விபத்து கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். இப்படி எல்லை தாண்டித் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு எந்த மாநிலத்தின் பதிவேட்டிலும் பெயர் இல்லை.

ஊர் கூடவே வருகிறது

நகரத்தில் சாதி கேட்கமாட்டார்கள் என்பவர்கள் ஓசூரில் ஒருமுறை வாடகை வீடு தேடிப் பார்க்க வேண்டும். நாங்கள் தேடியிருக்கிறோம். அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று வரும். "கறி சமைப்பீங்களா?" என்பது அதே கேள்வியின் மரியாதையான வடிவம். ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடித்து, சாமான் ஏற்றும் நாளில் "எங்க மச்சான் வர்றார், வீடு இல்லை" என்றார்கள். அந்த வீடு இரண்டு மாதம் காலியாகவே இருந்தது.

இது அவமானத்தோடு நிற்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் உள்ளிட்ட மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம் சாக்கு. எரிந்தவை குடிசைகள் மட்டுமல்ல. பெங்களூருக்கும் மற்ற நகரங்களுக்கும் போய் உழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய கான்கிரீட் வீடுகள், பைக்குகள், பீரோக்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். நகரம் கொடுத்ததைக் கிராமம் ஒரே மாலையில் எரித்தது. நம் முன்னேற்றம்தான் அவர்கள் கண்ணில் குற்றம்.

2018 நவம்பரில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்த ஒரு தலித் இளைஞரும் அவருடைய மனைவியும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணைத் திருமணம் செய்த சொந்த மகனையும், தடுக்க வந்த சொந்தத் தாயையும் ஒருவர் வெட்டிக் கொன்றார். அந்தப் பெண் வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். தொழில் வளர்ச்சி பற்றிய எந்த அறிக்கையிலும் இந்த மூன்று சம்பவங்களுக்கும் இடமில்லை. ஆனால் ஒரு நகரம் தன் குடிமக்களுக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்பதும் அந்த நகரத்தின் விவரம்தான்.

என்ன செய்யலாம்

ஆதங்கத்தோடு நிறுத்திக்கொள்ள நாங்கள் இதை எழுதவில்லை. கையில் எடுக்கக்கூடிய வேலைகள் நான்கு இருக்கின்றன.

முதலாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரத்தோடு நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 'சாதியைக் கேட்டால் சாதி வளரும்' என்று இப்போதே சிலர் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள். தோழர்களே, பட்டியல் சாதியினரின் சாதியைச் சுதந்திர இந்தியா ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எழுபது வருடமாக நம்மைக் கேட்டபோது வளராத சாதி, அவர்களைக் கேட்கும்போது மட்டும் எப்படி வளரும்? இதுவரை நம் வறுமை மட்டும்தான் எண்ணாக இருந்தது. இனி அவர்கள் சொத்தும் எண்ணாகலாம் என்பதுதான் அந்தக் கவலை.

ஆனால் கணக்கெடுப்பாளர் வரும்போது நம் ஆட்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஷிஃப்டில் இருக்கிறவர்கள், விடுதியில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருக்கிறவர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் இருக்கிறவர்கள் விடுபட்டுப்போவார்கள். சாதியைச் சொல்லக் கூச்சப்பட்டு வேறு பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு காலனியிலும் இரண்டு மாணவர்கள் பொறுப்பெடுத்து, சான்றிதழில் உள்ள சரியான பெயரைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். இது வெறும் பெருமைக்காக அல்ல. அரசியல் சட்டத்தின் 243-டி பிரிவின்படி நகர மன்றங்களில் நமக்கான இடங்கள் மக்கள்தொகை விகிதத்தில்தான் ஒதுக்கப்படுகின்றன. ஓசூர் மாநகராட்சியின் 45 வார்டுகளுக்கு 2022இல் தேர்தல் நடந்தபோது கையில் இருந்தது 2011 கணக்கு. அதற்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்த ஒவ்வொரு தலித் குடும்பமும் அந்தக் கணக்கில் இல்லை. எண்ணப்படாதவருக்கு வார்டும் இல்லை.

இரண்டாவது, அப்ரண்டிஸ் சட்டம். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் துறையில் இட ஒதுக்கீடே கிடையாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில், 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த மாநிலத்தில் அவர்களுடைய மக்கள்தொகையைக் கருத்தில்கொண்டு வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அரசு ஆலை, தனியார் ஆலை என்று அது பிரிக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் இந்தப் பிரிவு எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில அப்ரண்டிஸ் ஆலோசகர் அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. நிறுவனவாரியாக, தொழிற்பிரிவுவாரியாக, சாதிப்பிரிவுவாரியாக ஐந்து ஆண்டு விவரம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் ஒரு கடிதம். ஐம்பது பேர் கேட்டால் அது ஒரு இயக்கம்.

மூன்றாவது, துப்புரவு. நகராட்சி மாநகராட்சி ஆனபோது தெருக்கள் கூடின, குப்பை கூடியது. நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. மாநிலம் முழுக்க இந்த வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. நிரந்தர வேலையாக இருந்தவரை நம் தாய்மார்களுக்கு என்று விட்டுவைத்தார்கள். ஓய்வூதியமும் சங்கமும் கிடைக்கிற காலத்தில் அந்த வேலையே ஒப்பந்தமாகிவிட்டது. எத்தனை பேர், எவ்வளவு கூலி, பி.எஃப் கட்டப்படுகிறதா, கையுறை தரப்படுகிறதா என்று நம் நகரத்தின் கணக்கை நாமே எடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்வது 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுப்புது அடுக்குமாடிக் குடியிருப்புகளும் ஆலைகளும் எழும் ஊரில் இந்த இரண்டையும் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

நான்காவது, நம் சொந்தக் கணக்கெடுப்பு. அரசு எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் காலனியில் எத்தனை குடும்பம், எத்தனை பேர் ஆலையில், அதில் எத்தனை பேர் பர்மனென்ட், எத்தனை பேர் கான்ட்ராக்ட், எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு நின்றார்கள், எத்தனை வீட்டுக்குப் பட்டா, எத்தனை வீட்டில் குடிநீர் இணைப்பு. பத்துக் கேள்விகள். பெயர்களை வெளியிட வேண்டாம்; எண்களை மட்டும் சேர்ப்போம். பத்துக் காலனிகள் சேர்ந்தால், எந்த அதிகாரியும் 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்ல முடியாத ஒரு அறிக்கை நம் கையில் இருக்கும்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற கிராமம் இருக்கிறது. ராஜாஜி 1878இல் பிறந்த ஊர். முதலமைச்சராக இருந்த அவர் 1953இல், பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நாள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று தமிழ்நாடு கொதித்தெழுந்தது; 1954இல் அவர் பதவி விலகினார்; காமராசர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டம் செத்து எழுபது வருடம் ஆகிறது. ஆனால் இன்றும் விடியற்காலையில் ஓசூர் தெருக்களைக் கூட்டும் கைகள் யாருடையவை? அவர்களுடைய அம்மாக்கள் என்ன வேலை செய்தார்கள்?

பதில் நமக்குத் தெரியும். ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது. அதை எழுத வேண்டும், எண்ணாக எழுத வேண்டும், மறுக்க முடியாதபடி எழுத வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். நோட்டும் பேனாவும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு நாங்களும் வருகிறோம்.

ஜெய்பீம்.